மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியும் பதினாறாம் தேதிக் கூட்டமும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: உங்கள் பாட்டனார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில் இருந்து வட்டித்தொழில் பார்த்தார். அந்தக் கிட்டங்கி, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கூடிப் பேசிய சங்கக் கட்டடமா, வங்கியா, தங்கும் விடுதியா? அங்கே கூடித்தான் வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள் என்று வீட்டில் சொல்வது உண்மையா? கட்டடம் இன்னும் இருக்கிறதா? மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கடல் கடந்து போன இந்த வணிகர்கள் பொதுக் காரியத்துக்கு எங்கே கூடினார்கள்?

நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. கணக்குத் தணிக்கை என் தொழில். செட்டிநாட்டுக் குடும்பங்களின் பாகப்பிரிவினை விவகாரங்களில் பழைய பேரேடுகளைப் படித்துச் சொல்லப் போய், அப்படியே இந்த விஷயத்துக்குள் விழுந்துவிட்டவன். அதனால் கணக்கு, வட்டி, கோயில் மகமை (தொழிலிலிருந்து கோயிலுக்குக் கொடுத்த பங்கு) இதெல்லாம் ஓரளவு தைரியமாகச் சொல்வேன். கட்டடக்கலை பற்றிக் கேட்டால் பேசாமல் ஒதுங்கிக்கொள்வேன்.

முதலில் நேரடியான பதில். கிட்டங்கி சங்கமும் இல்லை, வங்கியும் இல்லை. பல தனித்தனி வட்டிக்கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டு நடத்திய தொழில்கூடம் அது. அதுவே குடியிருப்பும்கூட. பொதுக்காரியம் பேச, வழக்குத் தீர்க்க, வட்டி பேச அவர்கள் கூடியது கோயிலில். இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் அதே ஆட்கள் என்பதால் பேரன் காலத்து நினைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் சொல்வது பொய் என்று சொல்லமாட்டேன். இடம்தான் மாறியிருக்கிறது.

கிட்டங்கியைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். சிங்கப்பூர்க் கடைவீடுகள் முகப்பு ஒடுங்கி, பின்னால் நீண்டுகொண்டே போகிற அமைப்பு. அதன் கீழ்த்தளத்துக் கூடத்தில் நடுவே நடக்க வழி விட்டு, இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள். பெட்டி என்றால் சாய்வு மேசையும் பணப்பெட்டியும் சேர்ந்த மாதிரி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும் உயரத்தில் இருக்கும் மரச்சாமான். பின்னால் சுவரோரம் ஒரு அலமாரி அல்லது இரும்புப்பெட்டி. ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு அலமாரி. ஒரு நிறுவனத்துக்கு அவ்வளவுதான் இடம். அடுத்த பாயில் வேறொரு நிறுவனம். பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. விலாசம்தான் அடையாளம்: முதலாளியின், அவர் தகப்பனாரின், பாட்டனாரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த நாலைந்து எழுத்து. கடன் வாங்க வந்த சீன மளிகைக்காரருக்கோ அரசாங்கக் குமாஸ்தாவுக்கோ எந்தப் பாயில் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கும். பின்கட்டில் சமையல், மாடியில் படுக்கை. சமையலாளுக்கும் வாடகைக்கும் ஆகிற செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குத் தமிழர்கள் வைத்த பெயரே செட்டித் தெரு.

அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் முதலாளி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாளி காரைக்குடிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். இங்கே இருந்தவர் மேலாள், அதாவது ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், பதின்ம வயதில் தொழில் பழக வந்தவன். இப்படிக் கடல் கடந்து போவதை நகரத்தார் பேச்சில் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். போகும்போது சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார்கள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். பெண்டு பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள். கணக்கை முடித்து ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, போட்டு, அடுத்த மேலாளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால் லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். உங்கள் பாட்டனார் முதலாளியா, மேலாளா என்று தெரிந்துகொள்ள அந்தச் சம்பளச் சீட்டு ஒன்று போதும். ‘சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்’ என்று குடும்பத்தில் சொல்லும்போது இந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துபோய்விடும்.

சரி, போட்டி வியாபாரிகள் ஏன் தோளோடு தோள் இடிக்க ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள்? வாடகை மிச்சம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் பணப் புழக்கம். காலையில் ஒரு மேலாளிடம் ஒருவர் பெரிய தொகை கேட்டு வந்து கையில் அவ்வளவு இல்லையென்றால், அடுத்த பெட்டியில் கைமாற்று வாங்கிச் சமாளிப்பார். இன்று நீ, நாளைக்கு நான். எழுத்தும் உண்டு, வட்டியும் உண்டு, ஆனால் ஈடு கேட்பதில்லை. இன்னொன்று, தகவல். ஒருவன் ஒரு பாயில் வாங்கிய கடனைக் கட்டாமல் எதிர்ப்பாயில் புதுக்கடன் கேட்டால் கூடமே பார்த்துக்கொண்டிருக்கும். கடனாளியின் நாணயத்தை விசாரிக்கத் தனியாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அதே கண்கள் மேலாளின் மேலும் இருந்தன. எட்டாத தூரத்தில் இருக்கும் முதலாளிக்கு, தன் ஆள் சூதாடுகிறானா, அளவுக்கு மீறிக் கடன் கொடுக்கிறானா என்பதெல்லாம் சக மேலாள்கள் ஊருக்கு எழுதும் கடிதம் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கண்காணிப்பைத்தான் நான் கிட்டங்கியின் உயிர்நாடி என்பேன். கட்டடத்தின் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலின் முதல் குடமுழுக்கு 1859 ஏப்ரலில் நடந்தது. பினாங்கு நகரத்தார் கோயில் 1857. இவை உறுதியான ஆண்டுகள். டேங்க் ரோட்டில் கோயில் எழும்புவதற்கு முன்பே, குன்றடியில் ஒரு மரத்தின் கீழ் வேல் நட்டுக் கும்பிட்டு வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. நம்பத்தகுந்ததுதான், ஆனால் அதை ஆண்டு போட்டு எழுதுவது சரியில்லை. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியதற்கும் கோயிலுக்கும் இடையில் நாற்பது வருஷம் இருக்கிறது. அதற்குள் இங்கே நிலையாகத் தொழில் நடந்திருக்கிறது என்பதைக் கோயில் கட்டும் அளவுக்குச் சேர்ந்த மகமையே காட்டுகிறது.

மகமை என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் தொழிலுக்குத் தக்கபடி கோயிலுக்கும் தர்மத்துக்கும் கொடுத்த பங்கு. பேரேட்டில் அதற்குத் தனிப் பற்று வரவு இருக்கும். இப்படிச் சேர்ந்த பணம் உண்டியலில் தூங்கவில்லை. கோயில் அதை நகரத்தார் நிறுவனங்களுக்கே வட்டிக்குக் கொடுத்தது. ஆக முருகன் தெய்வம் மட்டுமில்லை, ஊரில் நம்பிக்கையான ஒரு முதலீட்டாளரும்கூட. கிண்டலுக்காகச் சொல்லவில்லை. கணக்கில் அப்படித்தான் எழுதியிருக்கும்: சாமி பேரில் வரவு, சாமிக்கு வட்டி. இந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு வட்டிக்கு என்று பேச எல்லோரும் ஓரிடத்தில் கூடியே ஆகவேண்டும். கோயில் கூட்டமண்டபம் ஆனதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

வட்டி நிர்ணயக் கூட்டத்துக்கு மிகத் தெளிவான ஆவணச் சான்று சிங்கப்பூரில் இல்லை, ரங்கூனில் இருக்கிறது. 1929–30இல் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு செட்டியார் தொழிலை விலாவாரியாக விசாரித்து அறிக்கை எழுதியது. அதன்படி, ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட் நகரத்தார் கோயிலில் ஒவ்வொரு தமிழ் மாதமும் பதினாறாம் தேதி மாலை நிறுவனத்தார் கூடி, அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். சந்தையில் பணம் தட்டுப்பாடா, தாராளமா, நெல் வாங்கும் பருவமா, ஐரோப்பிய வங்கிகள் என்ன வட்டி கேட்கின்றன என்றெல்லாம் பார்த்துப் பேசி ஒரு விகிதத்துக்கு வருவார்கள். உள்நாட்டு ஊர்களில் இருந்த கிளைகளும் ரங்கூன் வட்டியைப் பார்த்தே கணக்கு எழுதின.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘செட்டியார்கள் கூடிப் பேசிக் கடனாளிக்கு வட்டியை ஏற்றினார்கள்’ என்று இந்தக் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நடப்பு வட்டி கடனாளிக்கு உரியதில்லை. ஒரு நகரத்தார் நிறுவனம் இன்னொன்றிடம் வைக்கும் நடப்புக் கணக்குப் பணத்துக்கு, நான் முன்னால் சொன்ன கைமாற்றுக்கு, அதாவது தொழிலுக்கு உள்ளே ஓடும் பணத்துக்கு உரியது. குறிப்பிட்ட கெடுவுக்குப் போடும் பணத்துக்குத் தவணை வட்டி என்று இன்னொன்று இருந்தது. அது நடப்பை ஒட்டியே இருக்கும். வெளியே விவசாயிக்கோ கடைக்காரருக்கோ கொடுக்கும் கடனுக்கு வட்டி, ஈட்டைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் மாறியது. அது நடப்பைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த இடைவெளிதான் வருமானமே. இதைச் சொல்வதால் அவர்கள் குறைந்த வட்டி வாங்கினார்கள் என்று வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினாறாம் தேதிக் கூட்டத்தில் பேசியது எது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இதே மாதிரி கோயிலில் கூடி வட்டி பேசினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. தொழில்முறை ஒன்று, ஆட்களும் ஊர் மாறி ஊர் போனவர்கள். ஆனாலும் பதினாறாம் தேதி, மாலை நேரம் என்கிற ரங்கூன் விவரத்தை அப்படியே டேங்க் ரோட்டுக்குத் தூக்கிவைத்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இணையத்தில் உலவும் பல கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன. சிங்கப்பூரைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது, மகமையும் பொதுக்காரியமும் கோயிலைச் சுற்றியே நடந்தன என்பது. வட்டிக் கூட்டம் என்பது மிகவும் சாத்தியமான ஒன்று.

வழக்குகளும் கோயிலில்தான் தீர்ந்தன. இரண்டு நிறுவனங்களுக்குள் கணக்கில் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். தீர்ப்பை ஏற்காத ஆளை யாரும் சிறையில் தள்ள முடியாது. ஆனால் மறுநாள் கிட்டங்கியில் அவருக்குக் கைமாற்று கொடுக்க ஆள் இருக்காது. கைமாற்று நின்றால் தொழில் நின்ற மாதிரி. கோயிலின் சொல்லுக்குப் பலம் வந்தது கிட்டங்கியிலிருந்துதான்.

இவ்வளவு நேர்த்தியாக ஓடிய ஏற்பாடு எப்படி உடைந்தது என்பதற்கும் ரங்கூன்தான் பாடம். அந்த 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் தொழிலகங்கள் இருந்தன. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈட்டு நிலம் வேண்டியோ வேண்டாமலோ செட்டியார் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பணமாகச் சுழல வேண்டிய முதல் நிலமாக உறைந்துபோனது. வட்டித்தொழில்காரனுக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. அரசியல் ரீதியிலும் அது நெருப்பு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டதும் ஓட்டம் தொடங்கியது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அங்கே பதினாறாம் தேதியில் பேச ஒன்றும் மிச்சமில்லை.

மலாயாவில் கதை இவ்வளவு கடூரமாக முடியவில்லை. மலாய்க்காரர் நிலம் கடனில் கைமாறுவதைப் பார்த்துத்தான் 1913இலேயே கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. செட்டியார்கள் அங்கே ரப்பர்த் தோட்டம், ஈய வியாபாரம், நகரத்து வீடு, கடை என்று பணத்தைப் பரவலாகப் போட்டார்கள். வங்கித்தொழிலுக்கே தாவியவர்களும் உண்டு. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அந்த மூன்று ஊர்ப் பெயரே இந்தச் சமூகத்தின் வரைபடம். போருக்குப் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வங்கிகள் பெருகின, சட்டங்கள் இறுகின, குடியுரிமை விதிகள் மாறின, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது கடினமாயிற்று. பிள்ளைகள் டாக்டர், எஞ்சினியர் என்று போனார்கள்.

கட்டடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இல்லை. 1970களில் தொடங்கிய நகரச் சீரமைப்பில் அந்தக் கடைவீடுகள் இடிபட்டன. இப்போது அங்கே நிற்பவை நிதி நிறுவனங்களின் கோபுரங்கள். தொழிலில் மிஞ்சியிருந்தவர்கள் டேங்க் ரோட்டுக்குக் கோயில் பக்கம் நகர்ந்தார்கள். கோயில் இருக்கிறது, ஆனால் பழைய கட்டடம் இல்லை. 1983இல் புதிதாகக் கட்டிக் குடமுழுக்கு செய்தது. 2014இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள், செட்டிப்பூசம் என்பார்கள், அன்று வெள்ளி ரதம் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வருகிறது. போனால் அந்த நாளாகப் பார்த்துப் போங்கள், பேச ஆள் கிடைப்பார்கள்.

பாட்டனார் இருந்த கிட்டங்கி எது என்று தேடுவதற்கு என் யோசனை. தெருவைத் தேடாதீர்கள், விலாசத்தைத் தேடுங்கள். வீட்டில் பழைய உறை, ரசீது, பாத்திரத்தில் வெட்டிய எழுத்து எதிலாவது அந்த முதலெழுத்துகள் இருக்கும். சொந்த ஊர் எது, நகரத்தாரின் ஒன்பது குலக்கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்த புள்ளி (குடும்பம்) என்பதும் வேண்டும். ஒரே விலாசம்போலத் தோன்றும் இரண்டு குடும்பத்தைப் பிரிக்க அதுதான் உதவும். சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் செட்டியார்களின் வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன. கிட்டங்கி வாழ்க்கையை நேரில் அனுபவித்தவர்கள் பேசியவை, அவற்றைக் கேளுங்கள்.

பேரேடு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தமிழ் வருஷம், மாதம், தேதி. எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். ரூபாய்க் கணக்கில் வீசம் என்று வந்தால் பதினாறில் ஒன்று, அதாவது ஓர் அணா. டாலர், காசு என்று வந்தால் அது சிங்கப்பூர், மலாயாக் கணக்கு. வட்டி ‘நூற்றுக்கு மாதம் ஒன்று’ என்றிருந்தால் வருஷத்துக்கு 12 சதவீதம். வருஷப் பெயரில் மட்டும் ஜாக்கிரதை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரமோதூத என்று எழுதியிருந்தால் 1930–31ஆகவும் இருக்கலாம், 1870–71ஆகவும் இருக்கலாம். பற்று வரவில் உள்ள ஆட்களின் பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் பக்கத்தையும் ஐந்தொகைப் பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டால் படித்துச் சொல்கிறேன். ஏட்டை விரித்து அழுத்திப் படம் எடுக்காதீர்கள், அந்தக் காகிதம் மடிப்பில் உடைந்துவிடும்.